ஏரிக்கரைக்கு முன்கூட்டியே ஒரு நன்றி

ஒரு காட்டில், நடக்கப் பாதை இல்லாவிட்டாலும் செல்போனில் நாலு கோடு சிக்னல் கிடைக்கிற காட்டில், வடிவு என்ற முள்ளம்பன்றி ஏரிக்கரைக்குக் கீழே வளை தோண்டி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். கரையில் விரிசல் விழுந்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கரை உடைந்தால் குட்டிகள் தண்ணீரோடு போய்விடுமே என்ற பயத்தில் வடிவுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

காட்டுத் தலைவர் கரடியார் குடிகளின் குறை தீர்க்க ஒரு செயலி விட்டிருந்தார். அதைக் கவனித்துக்கொண்டவன் தங்கப்பாண்டி என்ற கீரி. வடிவு விரிசலைப் படம் எடுத்து அனுப்பினாள். புகார் எண் வந்தது. மறுநாள் 'தீர்க்கப்பட்டது' என்றும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள், விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது. மூன்று முறை அனுப்பினாள், மூன்று முறையும் தீர்த்துவைத்தார்கள். நேரில் போய்க் கேட்டதற்கு, செயலியில் சிவப்பு நிறத்தில் எதுவும் நிற்கக் கூடாது என்பது தலைவர் உத்தரவு என்றான் கீரி.

வடிவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் மூளை வேலை செய்தது. காட்டு வாட்ஸ்அப் குழுவில், கரடியார் கும்பிடு போடும் படத்தோடு இப்படி எழுதினாள்: "உடைய இருந்த ஏரிக்கரையைக் கட்டித் தந்த எங்கள் தங்கத் தலைவருக்குக் கோடி நன்றி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அனைவரும் வருக."

முயல் முதல் மயில் வரை கைகூப்பும் பொம்மைகளைக் குவித்துவிட்டன. கரடியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்ப்பா, இதை நாம எப்பக் கட்டினோம்?" என்று கீரியைக் கேட்டார்.

"கட்டலைங்க ஐயா. ஆனா வெள்ளிக்கிழமை காடே வருது, கரைமேல நின்னு செல்ஃபி எடுக்க."

கரடியார் முகம் செத்துவிட்டது. அன்றைக்கே நாலு யானைகள் மண் சுமந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் கரை கல்லுப்போல நின்றது. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு அதற்கு முந்தின நாளே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டினார்; சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

கொட்டித் தீர்த்த மழையில் வளைக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. வடிவு அழுதேவிட்டாள். மனசு நிறைந்துபோய், இந்த முறை மெய்யாகவே ஒரு நன்றி எழுதிக் குழுவில் போட்டாள். பழைய செய்தியைத் திரும்பப் போடக் கூடாது என்று, குழுவுக்கும் அட்மினான கீரி அதை அழித்துவிட்டான்.

நீதி: நடந்ததை எழுதாதே, யாரும் சீந்த மாட்டார்கள். நடக்க வேண்டியதை நடந்துவிட்டதாக எழுது. திறப்பு விழாத் தேதியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்.