கல்யாணத்துக்கு ஓர் இடைத்தங்கல்

மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் வசிக்கும் க்ளென் ஹூக்ஸ்ட்ரா, வயது ஐம்பத்து மூன்று, கடந்த பதினோரு ஆண்டுகளாகக் காசு கொடுத்து எந்த விமானத்திலும் ஏறியதில்லை. இது அவருடைய வறுமையைக் காட்டவில்லை, கொள்கையைக் காட்டுகிறது. மேசை நாற்காலி செய்யும் கம்பெனியில் அவர் கிடங்கு மேலாளர். நல்ல சம்பளம். அந்தச் சம்பளம் முழுவதையும் பதினேழு கடன் அட்டைகள் வழியாகச் செலவழித்து, அட்டைகள் பரிசாகத் தரும் மைல்கள் என்ற விமானப் புள்ளிகளைச் சேர்த்து, அந்த மைல்களைக் கொடுத்து விமான டிக்கெட் வாங்குவார். சும்மா கிடைக்கும் டிக்கெட் என்று அதற்குப் பெயர்.

அது எவ்வளவு சும்மா என்பது அவருடைய இளைய மகள் கிரெட்சனுக்குத் தெரியும். அவளுக்குப் பல் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் பதிமூன்றாம் வயதில் கம்பி கட்டினார்கள். அந்தக் காலாண்டில் ஒரு புது அட்டையின் பரிசு மைல் கிடைக்க நாலாயிரம் டாலர் செலவு காட்ட வேண்டியிருந்தது, வீட்டில் வேறு செலவு எதுவும் மிச்சமில்லை. பல் மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார். "முன்னெச்சரிக்கை" என்றார் க்ளென்.

இப்போது கிரெட்சனுக்குப் பதினெட்டு. அந்த மே மாதம்தான் பள்ளிக்கூடம் முடித்தாள். அடுத்து என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கு அடுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா பெய்ஜின் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பெய்ஜ் போர்ச்சுகலில் போர்ட்டோ நகரத்தில் ஆசிரியை. மாப்பிள்ளை டுவார்ட்டே அந்த ஊர்க்காரன். ஜூன் பதினாலு, சனிக்கிழமை, மாலை நாலு மணி, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடப்பேன் என்று பெய்ஜ் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள்.

டிக்கெட் எண்ணூற்று அறுபது டாலர். கல்யாணத் தேதி தெரிந்த மறுநாளே அம்மா டெனிஸ் அந்தக் காசைக் கொடுத்துத் தனக்கு ஒன்று வாங்கிவிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டு, போனில், நாலு நிமிடத்தில்.

"வாங்கிட்டியா?" என்றார் க்ளென். யாரோ இறந்த செய்தி கேட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கட்டுமா?"

"டெனிஸ், இது மன்றத்துல தெரிஞ்சா நான் எப்படித் தலை காட்டுவேன்?"

மன்றம் என்பது கிராண்ட் ராபிட்ஸ் வியாழக்கிழமை மைல் மன்றம். இருபத்தெட்டாம் தெருவில் ஒரு பீட்சா கடையின் பின்னறையில் கூடும். உறுப்பினர் பதினாலு பேர். காசு கொடுத்து விமானம் ஏறுகிறவனை அங்கே "ரொக்கம்" என்று சொல்வார்கள். "அவன் மச்சான் ஒரு ரொக்கம்" என்றால் அந்தக் குடும்பத்தோடு அதிகம் பழக வேண்டாம் என்று அர்த்தம். தலைவர் நார்ப் ஸைல்ஸ்ட்ரா பெரும் மதிப்புக்குரியவர். சிகாகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு, காரில் நாலரை மணி நேரத்தில் போகிற தூரத்தை, தோஹா வழியாக மூன்று நாளில் பறந்து கடந்தவர். படுத்துக்கொண்டே போனார், ஷாம்பெயின் குடித்தார், எல்லாம் வரியைத் தவிரச் சும்மா. டெட்ராய்ட்டில் அவருக்கு என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மன்றம் க்ளெனின் பிரச்சினையை முறைப்படி எடுத்துக்கொண்டது. நேராகப் போர்ட்டோவுக்கு ஆளுக்கு அறுபதாயிரம் மைல். ஆனால் அந்தப் பருவத்தில் மொராக்கோவின் காஸாபிளாங்காவுக்கு ஐம்பத்தையாயிரம்தான். காஸாபிளாங்கா பயணம் போர்ட்டோ வழியாகத்தான் போகிறது. வழியில் ஓர் ஊரில் தங்கிக்கொள்ள விதி இடம் தருகிறது, அதற்குக் கட்டணமும் இல்லை.

"அப்போ போக வேண்டிய ஊரை வழியில போடு. போக வேண்டாத ஊரைக் கடைசியில போடு" என்றார் நார்ப்.

பதினாலு பேரும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக க்ளென் வீட்டில் வந்து சொன்னார்.

"அப்பா, நமக்குக் காஸாபிளாங்காவுல யாரு இருக்கா?" என்றாள் கிரெட்சன்.

"யாரும் இல்லை."

"அங்கே என்ன பண்ணப் போறோம்?"

"ஒரு ராத்திரி தூங்கிட்டுத் திரும்பிருவோம். ஆளுக்கு ஐயாயிரம் மைல் மிச்சம்மா."

வெள்ளி மதியம் ஒன்று ஐம்பதுக்குப் போர்ட்டோ. செவ்வாய் வரை தங்கல். பிறகு காஸாபிளாங்கா. புதன்கிழமை அங்கிருந்து வீடு. பரவாயில்லை, கல்யாணம் பார்த்துவிடலாம் என்று கிரெட்சன் நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் முன்னால் விமானக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய விசுவாசப் பயணியே, தங்கள் பயணத்தில் ஏற்பட்டுள்ள மேம்பாட்டைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தாங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்பைவிட மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேருவீர்கள்."

அதாவது செவ்வாய்க்கிழமை விமானத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது காஸாபிளாங்கா விமானம் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு.

க்ளென் கம்பெனியின் விசுவாசப் பயணிகள் நலப் பிரிவைக் கூப்பிட்டார். இரண்டு மணி நேரம் பியானோ வாசித்தார்கள். அதற்குப் பிறகு மார்லின் என்ற பெண் வந்தாள். குரல் கேக் மாதிரி இருந்தது. கிரெட்சன் ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சார், நீங்க போற ஊர் காஸாபிளாங்கா. அங்கே சீக்கிரமே கொண்டு போய் விடுறோம். இதுல உங்களுக்கு என்ன குறை?"

"போர்ட்டோவுல எனக்கு நாலு நாள் தங்கல் இருந்துச்சு மேடம்."

"இப்போ இருபத்தோரு மணி பத்து நிமிஷம் இருக்கு சார். இருபத்து நாலு மணி நேரத்துக்குக் குறைஞ்சா அது தங்கல் இல்லை, விமானம் மாறுற நேரம். அதனால தங்கலை நீக்கியாச்சு."

"எனக்குத் தங்கல் வேணும். முக்கியமான வேலை இருக்கு."

"வழியில வர்ற ஊர்லயா சார்?" மார்லின் உண்மையிலேயே குழம்பினாள். "அவ்வளவு முக்கியம்னா அந்த ஊருக்கே டிக்கெட் எடுத்திருப்பீங்களே."

க்ளென் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் விதி பதினேழு, உட்பிரிவு ஈ. மார்லின் அதைப் படித்தே காட்டினாள். "வழியில் இறங்கி மேற்கொண்டு செல்லாத பயணி, பயணத்தின் நோக்கத்தை மறைத்தவராகக் கருதப்படுவார். அன்னாரது கணக்கில் உள்ள மைல்கள் அனைத்தும், மேற்படி கணக்கிலிருந்து டிக்கெட் பெற்ற உடன்பயணி இறங்கிவிட்டாலும், பறிமுதல் செய்யப்படும்."

க்ளெனின் கணக்கில் நாலு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் மைல் இருந்தது. கிரெட்சனின் பல்லும் அதில் சேர்த்தி.

"வேற நாள் விமானம் எதுவும் இல்லையா மேடம்?"

"ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாளும் வேற வழியா இருக்கு சார். சீட்டும் காலியா இருக்கு. ஆனா அது காசு கொடுக்கிறவங்களுக்குக் காலி. மைல்காரங்களுக்கு நிரம்பிடுச்சு."

"ரெண்டும் அதே சீட்டா?"

"அதே சீட்தான் சார்."

கடைசியில் மார்லின் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை பகல் இரண்டு நாற்பது விமானத்தில் இரண்டு மைல் சீட்டு. அப்படியானால் போர்ட்டோவில் இருபத்து நாலு மணி ஐம்பது நிமிடம். மறுபடியும் அது சட்டப்படி தங்கல் ஆகிவிடுகிறது.

க்ளென் எழுந்து நின்று நன்றி சொன்னார். போனை வைத்ததும் முஷ்டியை உயர்த்திக் காட்டினார். "தங்கலைத் திரும்ப வாங்கிட்டேன். நார்பே அசந்துபோவான்."

"அப்பா, கல்யாணம் நாலு மணிக்கு."

"இருபத்து நாலு மணி ஐம்பது நிமிஷம் அந்த ஊர்ல இருக்கோம். கல்யாணம் எவ்வளவு நேரம் நடக்கும்? இருபது நிமிஷம். இதுக்குள்ள அதை வைக்க முடியாதா?"

"அந்த இருபது நிமிஷம் நாலு மணிக்குத்தாம்ப்பா நடக்குது."

அவர் பெய்ஜைக் கூப்பிட்டார்.

"செல்லம், கல்யாணத்தைப் பன்னிரண்டு மணிக்கு வச்சுக்கலாமே. நல்ல வெளிச்சமா இருக்கும். போட்டோவுக்கு நல்லது."

"பன்னிரண்டுக்கு இன்னொரு ஜோடிப்பா. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பதிவாளர் சாப்பிடப் போயிடுவாரு. மூணுக்கு வேற ஜோடி."

"ரெண்டு மணி நேரமா சாப்பிடுவாரு? என்ன ஆபீஸ் அது?"

"உங்க விமானக் கம்பெனியவிட நல்ல ஆபீஸ்தான். நாலு மணின்னு சொன்னாங்க, இன்னும் நாலு மணின்னுதான் சொல்றாங்க." பெய்ஜ் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நீங்க வர்றீங்கல்ல?"

"ஊருக்கு வர்றேன்" என்றார் க்ளென். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அப்படித்தான் வந்தார்கள். அம்மா ஒரு வாரம் முன்பே வந்து, பெய்ஜின் துணிக்கு இஸ்திரி போட்டு, ஊரில் நாலு பேரைப் பழக்கமும் பிடித்திருந்தாள். வெள்ளி இரவு எல்லாரும் வறுத்த மத்தி மீன் சாப்பிட்டார்கள். க்ளென் மாப்பிள்ளைக்குத் தன் பயண வழியைத் தாளில் வரைந்து விளக்கினார். டுவார்ட்டே கேட்டுக்கொண்டான். மரியாதையான பையன்.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு க்ளென் கோட்டு போட்டுக்கொண்டு பெய்ஜின் அறைக்கதவைத் தட்டினார். விமான நிலையத்துக்குப் பன்னிரண்டரைக்குக் கிளம்ப வேண்டும்.

"இங்கேயே நடந்துரலாம்மா" என்றார். "அந்த நடை நடந்தாப் போதும்ல. எங்க நடந்தா என்ன."

பெய்ஜ் அவரைப் பார்த்தாள். கல்யாண உடுப்பில் இருந்தாள், தலையில் பாதிதான் பின்னியிருந்தது. கையைக் கொடுத்தாள். குளியலறை வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், பதினோரு அடி, அப்பாவும் மகளும் நிதானமாக நடந்தார்கள். அம்மா போட்டோ எடுக்க மறுத்துவிட்டாள். கிரெட்சன்தான் எடுத்தாள். எடுத்த படத்தில் பின்னால் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

சமையலறையில் மாப்பிள்ளை இல்லை. பெய்ஜ் குளிர்பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கிரெட்சன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் வரலைப்பா."

"விளையாடாத கிரெட்சி."

"விளையாடலை. நாலு மணிக்கு அங்கே இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"நீ ஏறலைன்னா எல்லாம் போயிரும். உடன்பயணின்னு போட்டிருக்கு, நீயும் கேட்டியே. பதினோரு வருஷம்மா. உனக்காகவும்தான் சேர்த்தேன்."

"அதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"எங்கே வேணும்னாலும் போகலாம்."

"இங்கேதான் இருக்கீங்களே. வாங்க."

க்ளென் கதவைப் பார்த்தார். கதவு ஒவ்வொரு தடவையும் யாருக்காகவோ திறந்து மூடியது. அவர் யோசித்தார் என்பதை கிரெட்சன் பின்னாளில் எல்லாரிடமும் நியாயமாகச் சொல்வாள். ஒரு நிமிடம் முழுசாக யோசித்தார். அப்புறம், இரண்டு பேரில் ஒருவராவது ஒழுங்காக ஏறினால் பாதி மைலையாவது விட்டுவைப்பார்கள் என்ற நம்பிக்கையில், உள்ளே போனார்.

விட்டுவைக்கவில்லை. மாலை நாலு ஐந்துக்கு, பதிவாளர் பெய்ஜிடம் சம்மதமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, க்ளெனின் போனுக்குக் கடிதம் வந்தது, உடன்பயணியான கிரெட்சனுக்கும் அதன் நகல் வந்தது. மேற்படி கணக்கு மூடப்பட்டது. மைல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. திரும்பும் டிக்கெட்டுகள் செல்லாது. தங்களது நீண்டகால விசுவாசத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

பெய்ஜ் தனியாகத்தான் உள்ளே நடந்து வந்திருந்தாள். அழவில்லை. கிரெட்சனைப் பார்த்ததும் ஒரு விநாடி நின்றாள், அவ்வளவுதான்.

இரவு விருந்தில் விஷயம் மேசைக்கு வந்தது. டுவார்ட்டேயின் பெரியப்பா அபிலியோ, மீன் ஏற்றுமதி செய்கிற கனமான மனிதர், "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டார். கிரெட்சன் ஒளிக்காமல் சொன்னாள். காஸாபிளாங்கா, இருபத்து நாலு மணி ஐம்பது நிமிடம், குளியலறையிலிருந்து சமையலறை, எல்லாம்.

மேசையே கொதித்தது. என்ன மனுஷன், என்ன கம்பெனி, என்ன நாடு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அபிலியோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பெத்த பொண்ணைவிட மைல் பெருசாப் போச்சு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

யாரோ எல்லாருக்கும் மறுபடி ஒயின் ஊற்றினார்கள்.

"ஏம்மா," என்றார் அபிலியோ, கோப்பையைச் சுழற்றிக்கொண்டே, "காஸாபிளாங்காவுக்கு எத்தனை மைல்னு சொன்னே?"

"ஐம்பத்தையாயிரம்."

"இந்த ஊரு தங்கலும் அதுக்குள்ளயேவா?"

"உள்ளேயேதான்."

பக்கத்தில் டுவார்ட்டேயின் அத்தை ஒருத்தி கைப்பையைத் திறந்து பேனா தேடினாள். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். எந்த அட்டை முதலில் வாங்கணும், இங்கேயிருந்து விண்ணப்பம் போட்டால் தருவார்களா, பல் கம்பியும் செலவுக் கணக்கில் வருமா. கிரெட்சன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்கக் கேட்க அவள் குரல் நிமிர்ந்துகொண்டே வந்தது.

கேக்குத் தட்டோடு பெய்ஜ் வந்து தோளில் கை வைத்தாள். பின்னாலேயே டுவார்ட்டேயும் குனிந்தான்.

"கிரெட்சி, நாங்க தேனிலவுக்கு அசோர்ஸ் தீவுக்குப் போறோம். இன்னும் டிக்கெட் எடுக்கலை. அதை வழியில போட முடியுமா?"

கிரெட்சன் மேசையிலிருந்து ஒரு காகிதக் கைத்துடைப்பானை எடுத்து விரித்து, அத்தையிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"முடியும்" என்றாள். "நீங்க போக வேண்டாத ஊர் எதுன்னு முதல்ல சொல்லுங்க."