பூஜையில் வைத்த லைசென்ஸ்

ஆவடி ஸ்டேஷனுக்குப் போய் மாமனாரைக் கூட்டிக்கிட்டு வரணும். அன்னிக்கு என் வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளோட கடைசி. ஆவடியில ஒரு ஃபேக்டரியில வேலை, குவார்ட்டர்ஸ்ல வீடு. செகண்ட் ஹேண்டுல ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு.

மாமனார் திருநெல்வேலியிலேருந்து சும்மா வரல. அவரோட சின்னப் பொண்ணை என் தம்பிக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு பார்த்துட்டுப் போக வர்றார்.

தம்பிக்கு அந்தப் பொண்ணு மேல கொள்ளை ஆசை. என் கல்யாணப் பந்தியில அவ பாயசம் ஊத்தினதுலேருந்தே! "அண்ணே, அவர் ஊருக்குத் திரும்புற வரைக்கும் எதையும் சொதப்பி வச்சிராதே"ன்னு காலையிலேயே கும்பிடாத குறையாக் கெஞ்சினான். நான் பிள்ளையார் பிடிக்கப் போனா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியும்.

மாமனார் வேற ஒரு மாதிரி. "போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத குடும்பம்னு விசாரிச்சுத்தான் மூத்தவளைக் குடுத்தேன்"னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறவர்.

அன்னிக்கு ஆயுத பூஜை. ஸ்கூட்டருக்கு நம்ம வீட்டுல முதல் பூஜையாச்சே! சந்தனத்தை நானே குழைச்சு அப்பினேன். ஹெட்லைட்டுல, மட்கார்டுல, முன்னாடி பின்னாடி நம்பர் பிளேட்டுல. மேல குங்குமம். ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டினேன். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கல.

கிளம்புறப்போ லைசென்ஸைத் தேடினா காணோம். ஆர்.சி. புக்கும் காணோம்.

"பூஜையில வச்சிருக்கேன்"னா வீட்டுக்காரி. பையனோட கணக்குப் புஸ்தகம், என் ஸ்பேனர், அவளோட கத்திரிக்கோல், எல்லாத்துக்கும் அடியில. மேல பட்டுத்துணி போர்த்தி, பூ வச்சு.

"எடுத்துக் குடு."

"நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். இன்னிக்கு அதுல கை வச்சீங்க, நடக்கிறதே வேற!"

"போலீஸ் பிடிச்சா?"

"ஆயுத பூஜையும் அதுவுமா எந்தப் போலீஸ்காரர் வந்து நடுரோட்டுல நிப்பார்?"

எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு.

ஸ்டேஷன்ல மாமனார் வந்து இறங்கினார். கையில கருப்பட்டி நிறைஞ்ச ஓலைப்பெட்டி. சுத்தும் முத்தும் பார்த்தார்.

"மாப்ள, வண்டி எங்க?"

"வாழைக்குப் பின்னாடி மாமா."

ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், விசில்! ஒரு ஏட்டு நடுரோட்டுல நின்னு கையைக் காட்டுறார்.

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு! இன்னாபா, வண்டி நம்பரு எங்க?"

"உள்ள இருக்கு சார்."

"எதுக்குள்ள?"

"சந்தனத்துக்குள்ள சார்."

"தொடை."

மாமனாரை வச்சுக்கிட்டு எப்படித் துடைக்கிறது? நான் முழிக்கிறதுக்குள்ள அவரே இறங்கிட்டார். "ஏட்டய்யா, பூஜை பண்ணினதை அழிக்கச் சொல்லுதீயளே, இது நியாயமா?"

"செரி பெர்சு, அழிக்க வாணாம். நம்பரை வாயால சொல்லச் சொல்லு."

சொன்னேன். கடைசி நம்பர் மூணா எட்டான்னு ஒரு சந்தேகம். எதுக்கு வம்புன்னு ரெண்டையுமே சொன்னேன்.

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உன் வண்டிதானா? லைசென்ஸ எடு."

"பூஜையில இருக்கு சார்."

"ஆர்.சி. புக்கு?"

"அதுவும் அங்கதான் சார், லைசென்ஸுக்குக் கீழ."

"ஊடு எங்க கீது? ஆளை அனுப்பி எடுத்தாரச் சொல்லு."

பட்டுத்துணியை விலக்கினா என் வீட்டுக்காரி முகம் எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தேன். "முடியாது சார்! நாளைக்குத்தான் எடுக்கலாம்"னேன். ஒரு போலீஸ்காரர்கிட்ட நான் அவ்வளவு தைரியமாப் பேசினது அதுதான் முதலும் கடைசியும்.

"எதுத்தா பேசுற? தள்ளு வண்டிய, ஸ்டேஷனுக்கு!"

நான் வண்டியைத் தள்ள, பின்னாலேயே மாமனார் ஓலைப்பெட்டியோட நடந்து வந்தார். பாவி, தம்பி கல்யாணத்தைக் கெடுத்துட்டியேடான்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். நிஜமாவே அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல மாவிலைத் தோரணம்! உள்ளே ஒரே ஊதுவத்திப் புகை. லத்திக்குச் சந்தனம், துப்பாக்கிக்குச் சந்தனம். கைவிலங்குக்கு மல்லிப்பூ சுத்தியிருந்தாங்க. வெளியே நின்ன ஜீப்பைப் பார்த்தேன். அதுலயும் நம்பர் தெரியல. அதை எடுத்துச் சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கிடல.

இன்ஸ்பெக்டர் நெத்தி நிறைய விபூதியோட உக்காந்திருந்தார். ஏட்டு என் கதையைச் சொல்லி, "ஃபைன் போடணும் சார்"னார்.

"போட்டு அனுப்பு. ரசீது புக்கு எங்கய்யா?"

எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் தலையைச் சொறிஞ்சார். "பூஜையில வச்சிட்டோம் சார்."

"எடு."

"நாளைக்குத்தான் சார் எடுக்கணும். அய்யரு கண்டிசனா சொல்லிட்டுப் போயிகீறாரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ரைட்டரைப் பார்த்தேன். ரைட்டர் சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

மாமனார்தான் கடைசியில வாயைத் திறந்தார். "ஐயா, சாமிக்கு வச்சதை நீங்களும் எடுக்க முடியாது, மாப்ளையும் எடுக்க முடியாது. நாளைக்கு ரெண்டு பேரும் எடுத்துட்டு வந்து பேசிக்கிட்டா என்ன?"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துருச்சு. "வண்டி இங்கேயே நிக்கட்டும் பெரியவரே. காலையில பேப்பரோட வாங்க."

வெளியே வந்தா ஏட்டு பின்னாடியே ஓடி வர்றார். இன்னும் என்னவோன்னு பதறிட்டேன். கையில ரெண்டு பொட்டலம். "பொரி எடுத்துக்க நைனா. சுண்டலும் உள்ள கீது."

பஸ்ல வீடு வந்து சேர்ந்தோம். மாமனார் சாப்பிட்டார், படுத்தார். பொண்ணு விஷயம் மட்டும் பேசல. தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! போலீஸ் ஸ்டேஷனே தேவலாம்.

மறுநாள் மறுபூஜையை முடிச்சு, பேப்பரை எடுத்துக்கிட்டுப் போனேன். மாமனாரும் கூட வந்தார். ரைட்டர் ரசீது புக்கைக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் பிரிச்சார். "விஜயதசமியும் அதுவுமா உன் பேருலதான் ஆரம்பிக்கிறேன். வெளங்கும் பாரு"ன்னு சொல்லி, பிள்ளையார் சுழி போட்டு எனக்கு ஃபைன் எழுதினார்.

திரும்பி வர்றப்போ பின்சீட்டுலேருந்து மாமனார் குரல்.

"மாப்ள."

"மாமா."

"அந்த ஏட்டு என்னா அதட்டு அதட்டுதான்! பூஜையில வச்சதைத் தொட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னீயளே! இப்படிச் சாமிக்குப் பயந்த வீட்டுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

தை மாசம் தம்பிக்குக் கல்யாணம்.

நான் பயந்தது சாமிக்கு இல்ல, அவர் மூத்த பொண்ணுக்குன்னு மாமனார்கிட்ட நான் சொல்லவே இல்ல. தம்பிகிட்டயும் சொல்லல. அவ தங்கச்சியைக் கட்டின மறுமாசமே அவனுக்குத் தானாப் புரிஞ்சிருச்சு.