தெர்மோமீட்டர் அண்ணை மீது போட இருந்த வழக்கு

தர்சி, கவின், இரண்டு போனையும் சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள். ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் வைத்த விசேசங்களில் தெர்மோமீட்டர் அண்ணையின் ஊசி குத்தாத ஆட்டிறைச்சி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆட்டின் உயிர் ஒரு தடவைதான் போனது. அண்ணையிடம் அது குத்துப்பட்டது மூன்று நான்கு தடவை.

அவருடைய சொந்தப் பெயரை நானே பிறகு ஒரு வழக்குக் கடிதத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பீலெஃபெல்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. அங்கே சாப்பாடு வெளியே போவதற்கு முன் ஒவ்வொரு தட்டத்திலும் ஊசித் தெர்மோமீட்டரைக் குத்தி, எத்தனை பாகை என்று பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். சூடானது அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிரானது ஏழுக்கு மேலே ஏறக்கூடாது. பதினெட்டு வருடமாக இதையே செய்பவருக்கு வேலை நேரம் முடிந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எல்லோரும் பேனா குத்தும் சட்டைப்பையில் அவர் தெர்மோமீட்டரைக் குத்திக்கொண்டு கல்யாணங்களுக்கு வருவார்.

எல்லோரும் மேடைக்குப் போய் மணமக்களை ஆசீர்வதிப்பார்கள். அண்ணை நேரே சமையல் பக்கம் போவார். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெடியனின் தட்டைப் பிடித்தார்.

“தம்பி, ஒரு நிமிசம், உம்மட வடையைத் தாரும்.”

குத்தினார். பார்த்தார். வடையைத் திருப்பிக் கொடுத்தார்.

“நாப்பத்தொண்டு. நீர் சாப்பிடலாம். நான் சாப்பிடமாட்டன்.”

இன்னொருமுறை ஒரு பிள்ளையின் பிறந்தநாள். பிள்ளை கத்தியைத் தூக்கும் முன் அண்ணை கேக்கில் ஊசியை இறக்கிவிட்டார். பிள்ளை வீரிட்டு அழுதது. “அழாதேங்கோ குஞ்சு, சரியா ஏழு,” என்று அதற்கு ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அறிக்கை எழுதி எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுவார். இருநூறு குடும்பம் உள்ள குழு. சமைத்தவர்கள் தவிர எல்லோரும் விழுந்து விழுந்து வாசிப்பார்கள். ஒவ்வொரு அறிக்கையும் “இது என் கருத்து” என்ற வசனத்தோடு முடியும். அந்த ஒரு வசனத்தைக் கீழே போட்டுவிட்டால் மேலே என்ன எழுதினாலும் தலையில் மழை படாது என்று மனிதர் உறுதியாக நம்பினார்.

மழை போன யூலையில் வந்தது. அவருடைய மனைவியின் அண்ணன் மகளுக்குச் சாமத்திய வீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா. மீன் பற்றிஸ் முதல் வட்டிலப்பம் என்ற இனிப்புக் களி வரை சாப்பாடெல்லாம் ஹொலண்டில் பதிவுசெய்த ஒரு சமையல் கம்பனி. புறப்படும்போதே அந்த மனைவி, எங்களுக்கு அக்கா, அவருடைய சட்டைப்பையிலிருந்த தெர்மோமீட்டரை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டா.

“இண்டைக்கு என்ர அண்ணன் வீட்டு விசேசம். ஊசியை எடுத்தியளெண்டால் நான் அம்மாட்டைப் போயிடுவன்.”

“அம்மா கனடாவிலயெல்லோ?”

“ஓம். ஒருவழி ரிக்கற்.”

கண்ணாடியைத் தொலைத்தவர்போல அண்ணை அன்று மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். வெளியே கம்பனியின் வான் நின்றது. பின்கதவு திறந்து கிடக்க, உள்ளே மீன் பற்றிஸ் தட்டங்கள் வெயில் காய்ந்தன. அண்ணை தட்டத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பின்னேரம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பற்றிஸ் வயிற்றைக் குமட்டிக் கவின் காருக்குள் சத்தி எடுத்தான். இன்னும் பல பிள்ளைகள் பல கார்களுக்குள் எடுத்தார்கள்.

அண்ணை அன்றே அறிக்கை போட்டார். “வட்டிலப்பத்தைச் சுவரில் பூசினால் விழாது. பற்றிஸ் மூன்றரை மணித்தியாலம் வெயிலில் கிடந்தது. அதன் வெப்பம் முப்பத்தொன்பது பாகை. முதலாளி ஒரு பிள்ளைகொல்லி. இனி விசேசம் வைப்பவர்கள் யோசியுங்கள். இது என் கருத்து.”

இரண்டு கிழமையில் ‘அப்மானுங்’ வந்தது. அப்படியென்றால், கம்பனியின் சட்டத்தரணி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கம்பனியைப் பற்றி இனி வாழ்நாளில் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அதில் கட்டச் சொன்ன தொகையைப் பார்த்ததும் அக்கா கதிரையைத் தேடினா. குழுவை நடத்துபவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் அண்ணையைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

அண்ணை கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

“கையெழுத்து வைக்கிறது பெரிய வேலையில்லை, தம்பி. ஆனால் வைச்சால் அடுத்த விசேசத்திலயும் அதே வான்தான் வெயிலுக்கை நிக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கவேணும். நீரும் அண்டைக்கு அங்கை நிண்டனீர்தானே?”

“எனக்கு வடிவா ஞாபகம் இல்லை அண்ணை,” என்றேன்.

பிள்ளைகளே, அது பொய். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஒக்டோபரில் தர்சியின் விசேசத்துக்கு அதே கம்பனியை அம்மாவின் சகோதரரான உங்கள் மாமா ஒழுங்கு செய்திருந்தார். அவர் முகத்தை முறிக்க எனக்குத் துணிவில்லை. சாட்சி சொல்ல மாட்டாதவன், சட்டத்தரணியிடமாவது கூட்டிப்போகலாம் என்று டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்துக் கொடுத்தேன்.

சட்டத்தரணி மதுரா இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை. அறிக்கையை மேசையில் விரித்து மூன்று நிறப் பேனாக்களை எடுத்தாள்.

“மாமா, இந்த வட்டிலப்ப வசனம் பச்சை. இது கருத்து. இந்த நாட்டில கருத்துச் சொல்ல ஆருக்கும் உரிமை இருக்கு.”

“கருத்தில்லைப் பிள்ளை, உண்மை. நான் பூசிப் பாத்தனான்.”

“அதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இது என்ன, பிள்ளைகொல்லி? ஆரும் சாகேல்லைத்தானே. இது வெறும் திட்டு. சிவப்பு.”

“அது சூட்டில எழுதினது.”

“எத்தினை பாகைச் சூட்டில?” என்று அக்கா கேட்டா.

மதுராவின் மஞ்சள் பேனா அதற்கு மேல் இருந்த வரியில் நின்றது. “முப்பத்தொன்பது பாகை?”

“அது என்ர கருத்து.”

“தெர்மோமீட்டருக்குக் கருத்தில்லை மாமா. எண் ஒண்டைச் சொன்னால் அது தகவல். கீழ கருத்தெண்டு எழுதினாலும் தகவல்தான். நிரூபிக்கவேணும். அளந்தனீங்களோ?”

அண்ணை தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அக்கா தன் கைப்பையை மடிக்குள் இறுக்கிக்கொண்டா.

பிறகு மதுரா எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். வெல்வதற்காக இல்லாமல், ஆளைப் பயமுறுத்தி வாயை மூடவைப்பதற்கென்றே போடும் வழக்குகள் இருக்கின்றனவாம். பொது விசயம் பேசியவர் மேல் அப்படி ஒரு வழக்கு வந்தால், அடிப்படை இல்லாததை நீதிமன்றம் ஆரம்பத்திலேயே தூக்கி எறியலாம், போட்டவரையே செலவைக் கட்டவைக்கலாம் என்று ஐரோப்பாவில் ஒரு விதி செய்திருக்கிறார்கள். ஜெர்மனி அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவரும் வேலையில் இருக்கிறது.

“ஆனால் அது எல்லை தாண்டின வழக்குக்குத்தான்,” என்றாள்.

“வட்டிலப்பம் ஹொலண்டில இருந்துதானே வந்தது?”

“வட்டிலப்பம் மட்டும் எல்லை தாண்டினால் காணாது. நல்லகாலம், கம்பனியும் அங்கைதான் பதிஞ்சிருக்கு.”

“பீலெஃபெல்ட் கம்பனி எண்டால்?”

“அந்த விதி உதவாது. இங்கத்தைச் சட்டத்தை வைச்சுத்தான் நிக்கவேணும்.”

அண்ணை யோசித்தார். “அப்ப இனி நான் வெளிநாட்டுச் சாப்பாட்டைத்தான் குறை சொல்லுவன்.”

“மாமா, எந்த நாடெண்டாலும் பொய்த் தகவலுக்கும் வெறும் திட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. உங்களைக் காப்பாத்தக்கூடியது இந்த ஒரு வசனம்தான். மூண்டரை மணித்தியாலம் வெயில். இதுக்குச் சாட்சி இருக்கோ?”

அக்கா என்னைப் பார்த்தா. அண்ணை பார்க்கவில்லை. எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பேசாமலே இருந்திருப்பேன்.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்ப் போனைத் திறந்தேன். அந்த வானில் பெரிய மயில் படம் ஒன்று கீறியிருந்ததால் உங்கள் இருவரையும் அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருந்தேன். கவினின் படம் பதினொன்று பத்துக்கு. தர்சி, உன்னைச் சேலையோடு எடுத்தது இரண்டு நாற்பதுக்கு. இரண்டிலும் கதவு திறந்தபடி. இரண்டிலும் அதே தட்டங்கள், அதே நீலத் துணி. நீங்கள் இருவரும் நல்ல வடிவு. பற்றிஸ் பார்க்கவே பாவமாக இருந்தது.

உள்ளே போனேன். “எனக்கு ஞாபகம் வந்திட்டுது,” என்றேன்.

அண்ணை பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். “இரும் தம்பி,” என்றார்.

“சாட்சியெண்டு உங்கட முழுப்பேரும் போகும்,” என்றாள் மதுரா.

“போகட்டும்.”

வீட்டில் உங்கள் அம்மா, “அப்ப ஒக்டோபருக்கு ஆர் சமைக்கிறது?” என்று கேட்டா. உங்கள் மாமா மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. நான்காம் கிழமை பேசியபோது பேசாமலே விட்டிருக்கலாம் என்று இருந்தது.

மதுரா பதில் அனுப்பினாள். முப்பத்தொன்பதையும் பிள்ளைகொல்லியையும் மட்டும் அண்ணை திரும்பப் பெற்று, அந்த இரண்டையும் இனிச் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்தார். மற்றதெல்லாம் நிற்கும், இதோ படங்கள், இதற்கு மேல் வழக்கென்று வந்தால் வாயை மூடவைக்கும் வழக்கென்றே நீதிமன்றத்தில் சொல்வோம் என்று எழுதியிருந்தாள். ஒரு மாதம் கழித்து, விடயத்தை முடித்துக்கொள்கிறோம் என்று கம்பனியிடமிருந்து இரண்டு வரி வந்தது. அதன் பிறகு ஒரு விசேசத்தில் அந்த மயில் வானைக் கண்டேன். கதவு பூட்டியிருந்தது. கூரையில் புதிதாகப் பூட்டிய குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது.

அண்ணையைக் குழுவில் மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. “ஏன் வீண் கரைச்சல்,” என்றார் நடத்துபவர். போன கிழமை அண்ணையைப் பின்னேர வேலைக்குக் காரில் ஏற்றிப் போனேன்.

“இப்ப எழுதிறேல்லையோ அண்ணை?”

“எழுதிறன். அனுப்பத்தான் ஆள் இல்லை,” என்று சிரித்துக்கொண்டு இறங்கி, முதியோர் இல்லத்துக் கதவுக்குள் போய்விட்டார்.

நான் காரைத் தரிப்பிடத்தில் ஒதுக்கி, போனில் ஒரு புதுக் குழு திறந்தேன். “சாப்பாடு” என்று பெயர் வைத்தேன். அண்ணையைச் சேர்த்தேன். உறுப்பினர் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. கட்டாயம் நீளமாகத்தான் இருக்கும். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.