“அட்டை எங்க?”

எனக்கு அதிர்ச்சி வந்தால் அழுகை வராது, சிரிப்புதான் வரும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது சிரித்தேன். தாலி கட்டும் நேரத்தில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தபோதும் சிரித்தேன் (கல்யாண வீடியோவில் இருக்கிறது, மாமனார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நான் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறேன்). இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, காக்கிச் சட்டைக்காரர்கள் முன்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சிரித்த அந்தக் காலை வரைக்கும்.

எல்லாம் என் யோசனைதான். கோவை சரவணம்பட்டியில் நாள் முழுக்கக் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். என் கணவர் செந்தில், பெருந்துறையில் ஒரு பெயின்ட் கம்பெனிக்குத் தினமும் கார் ஓட்டிப் போய்வருபவர். எங்கள் இருவருக்கும் கடல் என்றால் திருச்செந்தூரில் முழங்கால் வரை நனைவதுதான். அப்படிப்பட்டவள், நாலைந்து காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். கரண்டும் டவரும் கடையும் இல்லாத ஒரு கடற்கரைக்குக் காரில் போக வேண்டும். கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறை மீன்களைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். பிறகு பின்வாங்க முடியுமா?

பயிற்சிக்கு ஆனைமலைப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு. குப்புற மிதந்துகொண்டு தொட்டியின் அடிப்பாசியை நான் ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாட்டுக்குத் தீவனம் கொண்டுவந்த மாமியார் பார்த்துவிட்டார். கூடை ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார். “செந்திலு, அம்மணி போயிட்டாடா” என்ற அலறல்தான் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது.

அந்த அதிர்ச்சியிலிருந்து மீண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?” என்பது. கெட்டுப் போகாத உணவு வேண்டும் என்றேன். அவ்வளவுதான். தோட்டத்து வாழைப்பழங்களை உரித்து, மொட்டை மாடியில் போட்டுக் காய வைக்க ஆரம்பித்தார். பக்குவம் தாண்டியும் எடுக்கவில்லை. “ஈரம் இருந்தா பூசணம் புடிச்சுக்கும் அம்மணி” என்று மேலும் மேலும் காய வைத்தார். கடைசியில் அவை விரல் நீளத்தில், சுருங்கி, கறுத்து, கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டன. அரிசிச் சாக்கு நிறைய அதைக் கட்டி டிக்கியில் ஏற்றினார். ராமநாதபுரம் தாண்டியதும் செந்தில் ஆசைப்பட்டு நெத்திலிக் கருவாடு வாங்கி, காகிதத்தில் சுற்றி, அந்தச் சாக்குக்குள்ளேயே செருகி வைத்தார். வெயிலில் கார் கொதித்தது. இரண்டு வாசனைகளும் ஒன்றாகிவிட்டன.

சாயங்காலம் ஒரு மனிதரும் இல்லாத கடற்கரையில் கூடாரம் அடித்தோம். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமே என்பது என் மூளையில் உதிக்கவே இல்லை. ஆள் இல்லாத இடம் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்தேன் (நான் முதுகலைப் பட்டம் பெற்றவள்).

மறுநாள் காலை கடலில் இறங்கினோம். தலையை உள்ளே விட்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள், என் மூக்குக்கு நேராக. தூரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தவை உறவுக்காரர்கள் மாதிரி கிட்டத்தில் வந்து பார்த்தன. குழாய்க்குள்ளேயே கத்தினேன், உப்புத் தண்ணீர் குடித்தேன், மறுபடி தலையை விட்டேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை.

கரைக்கு வந்தபோது எங்கள் காரைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். வனத்துறைக்காரர்கள். அது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி, எங்கள் கையில் இருந்த நீச்சல் கண்ணாடிகளையும் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்புகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“அட்டை எங்க?” என்றார்.

ஆதார் அட்டையைக் கேட்கிறார் என்று செந்தில் நினைத்துக்கொண்டார். எப்போதும்போல் பணிவாக, “டிக்கில இருக்குதுங்க சார். ரெண்டு பேர்துமே இருக்குதுங்க” என்றார்.

அதிகாரி ஒரு கணம் அசந்துபோனார். இவ்வளவு சுலபமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை போலிருக்கிறது.

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்தீங்களா?”

“இல்லைங்க சார். நான் முதல்லயே எடுத்துப்போட்டேன். இவ கல்யாணத்துக்கு அப்புறம்தான் எடுத்தா.”

“அப்ப ரொம்ப நாளா நடக்குது.”

“ஆமாங்க. எங்கூர்ல எல்லாருமே வெச்சிருக்காங்க.”

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் டிக்கியைத் திறந்து, சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே கருகருவென்று, சுருங்கி, கருவாட்டு வாசனையோடு என் மாமியாரின் கைவண்ணம். “ஐயா, சாக்கு நெறைய கடலட்டை” என்று அவர் சொன்னபோது குரலே நடுங்கியது.

கடலட்டை என்று ஒரு உயிரினம் இருப்பதும், அதைப் பிடிக்கத் தடை இருப்பதும், காய வைத்துக் கடத்துகிறார்கள் என்பதும் இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு, ஆனைமலைக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அட்டை என்றால் வால்பாறையில் காலில் ஏறி ரத்தம் குடிப்பது மட்டும்தான். ‘கடலிலும் அட்டையா’ என்று பதறி, ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“நடிக்காதீங்கம்மா. ஜாமீன் கிடைக்காத கேஸ் இது. வண்டியும் போயிரும்” என்றார் அதிகாரி.

அப்போதுதான் சிரித்தேன். அடக்க அடக்க வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தே விட்டேன். “பெரிய கையா இருக்கும் போல, பயமே இல்லையே” என்று ஒருவர் முணுமுணுத்தார். செந்தில் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் திருமண வாழ்க்கை முழுவதும் தெரிந்தது.

ஜீப்பில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈரத் துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு நின்றிருந்தது. வேலை போகும், கார் போகும், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் ஓடியது. வாழைப்பழம் என்று நாங்கள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அதிகாரியே மாமியாரைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, உங்க மகன் அட்டையோட பிடிபட்டிருக்கார்.”

“அட்டைப் பொட்டி வேண்டாம்னு சாக்குலதானுங்க கட்டிக் குடுத்தேன்.”

“நீங்கதான் கொடுத்தீங்களா?”

“ஆமாங்க, நாந்தான் காய வெச்சேன். வேணும்னா உங்களுக்கும் அனுப்பறனுங்க. சாப்பிட்டீங்களா அய்யா?”

அதிகாரி போனை வைத்துவிட்டு, இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அப்போது செந்தில் எழுந்தார். யாரையும் கேட்காமல் சாக்கில் கை விட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். “ஐயா, சாட்சியத்தத் திங்கிறான்” என்று கத்திக்கொண்டு ஒருவர் பாய்ந்து அவர் தாடையைப் பிடித்தார். செந்தில் விடவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய மென்று முழுங்கினார் (அந்தக் கண்ணீர் அவமானத்தால் வந்தது இல்லையாம், பல் வலியாம்).

காய்ந்த கடலட்டையை யாரும் அப்படிக் கடித்துத் தின்று அவர்கள் பார்த்ததில்லை. அதிகாரி ஒன்றை எடுத்துக் குழாயில் கழுவினார். கத்தியால் பிளந்தார். உள்ளே தேன் நிறத்தில் மினுங்கியது. முகர்ந்தார், ஒரு துண்டை நாக்கில் வைத்தார், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி மென்றார்.

“கதலியா?” என்றார்.

“நேந்திரனுங்க” என்றார் செந்தில்.

அனுமதி இல்லாமல் தங்கியதற்காக அரை மணி நேரம் திட்டினார். பேச்சு முடியும்போது நான்காவது பழத்தில் இருந்தார். கூடாரத்தைப் பிரிக்க வைத்து, ஊர் எல்லை வரை ஜீப்பில் பின்னாலேயே வந்துதான் எங்களை அனுப்பினார்கள்.

நாங்கள் கோவை வந்து சேர்வதற்குள், கடலில் கடத்தல் செய்து மாட்டிக்கொண்டோம் என்ற செய்தி ஆனைமலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரியப்பா ஒருவர் எங்களை, “ஜாமீன்ல வந்திருக்காங்க” என்றுதான் அறிமுகப்படுத்துவார். உறவில் எல்லோரும் சிரிப்பார்கள், பழகிப்போனது. ஆனால் என் கொழுந்தனாருக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அது வேடிக்கை என்று தெரியவில்லை. பெண்ணின் சித்தப்பா மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்க, மூத்தவங்க கேஸு என்னாச்சுங்க?”

மாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “வாய்தா போயிட்டிருக்குதுங்க. மருமகதான் பெரிய ஆளு, இவன் கூடப் போனவன். காப்பி ஆறுது, எடுத்துக்குங்க.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தச் சம்பந்தி வீட்டில் இன்றுவரை யாரும் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நான் உட்காரும்வரை உட்காருவதும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மாமியாரிடம் ஒருமுறை கேட்டேன்.

“எதுக்கு அம்மணி,” என்றார். “மருவாதியா இருக்குதல்ல. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்.”