ஒழுகாத கிரீஸும் மூன்றாவது மெமோவும்

தேனி ஜில்லாவில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எண்ணெயை ஜென்ம விரோதியாகப் பார்த்த ஆயிலர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மில்லில் வேலை பார்த்தார். மில்லுக்கு வேறு எந்தப் பெருமையும் கிடையாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது தேனிக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில். நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதுவதும், ஜி.எம். சொல்கிற மெமோக்களை டைப் அடிப்பதும் என் உத்தியோகம். பஜாரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து முழம் போட மாட்டேன், கௌரவமான வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தது. அந்தக் கௌரவத்தின் லட்சணத்தைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

ஆயிலருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை நான் ஒருவன்தான் படித்திருப்பேன். மற்ற எல்லோருக்கும் அவர் கிரீஸண்ணன். எங்காவது ஒரு கீல் கிறீச்சிட்டால் அவருக்கு உடம்பு கூசும். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார்.

“என்னண்ணே, பாதிப் பேச்சுல எந்திரிச்சிட்டீக?”

“அங்கன ஒரு கதவு வலியில கத்துது தம்பி. ஒனக்குக் கேக்கலயா? மனுசன் கத்துனா மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறோம்ல?”

என் கல்யாணம் சர்ச்சில் நடந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் கேட்டார். ஊரே மூச்சை அடக்கியிருந்த அந்த நேரத்தில் பின்கதவு ‘கிறீ...ச்’ என்றது. என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், கிரீஸண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, நிதானமாகக் கதவின் கீலுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார். அப்புறம் மேடைக்கு வந்து, “நல்லா இருங்க” என்று என் வெள்ளைக் கோட்டின் தோளில் அதே கையை வைத்து ஆசீர்வாதம் செய்தார். எங்கள் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் தோளில் ஐந்து கறுப்பு விரல்கள் இருக்கின்றன. என் மனைவி அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை.

அவருக்கும் எண்ணெய்க்கும் பகை வந்த கதைக்கு வருகிறேன்.

நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில், நூல் சுற்றிக்கொள்ளும் கதிர்களுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. அவற்றுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். கம்பெனி வாங்குகிற கிரீஸ் இருப்பதிலேயே மலிவானது. மெஷின் சூட்டில் ரசம் மாதிரி இளகி, கீழே சுற்றுகிற நூலில் சொட்டும். வெள்ளை நூலில் கறுப்புக் கறை விழும். கறை விழுந்தால் மெமோ. யாருக்கு மெமோ என்பதில்தான் எங்கள் ஜி.எம்.மின் அறிவு பிரகாசித்தது. மலிவு கிரீஸ் வாங்கியவருக்கு இல்லை, ஏனென்றால் வாங்கியவர் அவர்தான். கிரீஸ் வைத்தவருக்கும் இல்லை. எந்த மெஷினில் கறையோ, அந்த மெஷினில் நின்று நூல் பார்க்கிற பெண்ணுக்கு. மூன்று மெமோ சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜி.எம். வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு யாரும் பார்த்ததில்லை. டீ குடிக்கும்போதுகூட நெஞ்சில் கர்ச்சீப்பை விரித்துக்கொள்வார். கறை என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம்.

ஏழாம் நம்பர் மெஷினில் பேச்சியம்மா. கெங்குவார்பட்டியிலிருந்து விடிகாலை மில் பஸ்ஸில் வருவார். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டில் ஒற்றைச் சம்பளம். ஏழாம் நம்பரோ மில்லிலேயே அதிகம் ஒழுகுகிற மெஷின். இரண்டாவது மெமோவை நான்தான் டைப் அடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“இதோட எத்தன சார்?”

“ரெண்டும்மா.”

அவ்வளவுதான் பேச்சு. முகத்தைத் துடைத்துக்கொண்டு அறுந்த இழையை முடியப் போய்விட்டார். பக்கத்து மெஷினுக்கு அடியில் படுத்திருந்த கிரீஸண்ணன் தலையை நீட்டினார்.

“ஒழுகுனது நான் வச்ச கிரீஸு. மெமோ அந்தாத்தாளுக்கா?”

“ரூல் அப்படித்தாண்ணே.”

“அப்ப ஒழுகாத கிரீஸு செய்யணும்.”

“அதெல்லாம் கடையில கிடைக்காதாண்ணே?”

“நம்ம ஜி.எம். வாங்குற வெலைக்கு எந்தக் கடையில கெடைக்கும்? நாந்தேன் செய்யணும்.”

கிரீஸ் என்பது எண்ணெயும் சோப்பும் சேர்ந்த சமாச்சாரம்தானாம். விளக்கெண்ணெயைச் சுண்ணாம்போடு காய்ச்சினால் சோப்பு. அதில் மெஷின் ஆயிலைக் கலந்தால் கிரீஸ். சோப்பைக் கூட்டினால் கட்டி. இதை அவர் எனக்குத் தினமும் மத்தியானச் சாப்பாட்டின்போது விளக்குவார். நான் தயிர்சாதத்தைப் பாதியில் மூடுவேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை அவர் கிலோக் கணக்கில் வாங்குவதைப் பார்த்து, வீட்டில் பெரிய விசேஷமோ என்று கடைக்காரர் விசாரித்தாராம்.

முதல் தடவை காய்ச்சிய வாசனைக்கே அவர் தெருவில் இரண்டு குடும்பம் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தது. காய்ச்சியதை வார்க்க அச்சு வேண்டுமே? இட்லித் தட்டில் ஊற்றினார். அவர் மனைவி சுந்தரியக்கா, “இட்லித் தட்டுல கிரீஸு ஊத்துற மனுசங்கூட எவ குடும்பம் நடத்துவா?” என்று மிச்சப் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு அனுமந்தன்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் சமாதானம் பேசி அழைத்துவரக் கிரீஸண்ணன் கிளம்பினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பலகை இருந்தது. அக்கா இல்லை.

“அக்கா வரலயாண்ணே?”

“மச்சான் கரும்பாலை வச்சிருக்காக தம்பி. அச்சுவெல்லம் ஊத்துற பலகை இது. குழி எம்புட்டு அம்சமா இருக்கு பாரு! நானும் இட்லித் தட்டக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்.”

அக்கா அடுத்த வாரம் தானாகவே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். அந்தப் பலகை மட்டும் மச்சான் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

முதல் கட்டி மில் பஸ் சீட்டிலேயே உருகி, மேலே உட்கார்ந்த, மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டரின் பேண்டோடு ஐக்கியமானது. இரண்டாவதில் சுண்ணாம்பு கூடிவிட்டது. அதில் பிட்டர் உளி தீட்டினார். மிச்சத்தை நான் மேஜையில் பேப்பர் பறக்காமல் வைத்துக்கொண்டேன். இப்படியே ஏழெட்டு மாதம். கடைசியில் மலையிலிருந்து வருகிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கிச் சேர்த்தார். சரியாக வந்துவிட்டது. விரலால் எடுக்கலாம், கத்தியால் சீவலாம், மூட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். கையில் ஒட்டவில்லை. நிறமும் உருவமும் அசல் அச்சுவெல்லம்.

ஜி.எம்.மிடம் கொண்டுபோனார். “கம்பெனி கிரீஸ் இருக்கறப்ப சமையல் கிரீஸ் எதுக்குய்யா? போய் வேலையைப் பாரு” என்று தலை நிமிராமலே சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஏழாம் நம்பரில் மறுபடி கறை. சூப்பர்வைசர் அதைப் பல கோணங்களில் படம் எடுத்து மில் வாட்ஸப் குரூப்பில் போட்டார். ஜி.எம். பதில் போட்டார்: ‘பூஜை முடிந்ததும் மெமோ. டைம் ஆபீஸ் கவனிக்க.’ பண்டிகை நேரம் என்பதால் கடைசியில் இரண்டு கும்பிடும் கைகளும் இருந்தன.

மறுநாள் பேச்சியம்மா வந்து மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார். “இந்த மெசினுக்கு இதுதேன் நான் செய்யிற கடைசிப் பூசை” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அது கிரீஸண்ணன் காதில் விழுந்தது. ஒரு தட்டில் தன் கட்டிகள் எட்டை அடுக்கி, பொரிகடலைத் தட்டுகளின் பக்கத்தில் வைத்தார். அவனவன் தொழில் சாமானைச் சாமிக்கு முன்னால் வைப்பதுதானே ஆயுத பூஜை.

பிரசாதம் எடுத்துக் கொடுக்கிற ஆள் அன்றைக்கு லீவு. அவசரத்துக்கு என்னைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனுக்கு எந்தத் தட்டு எதற்கு என்று என்ன தெரியும்? சூடத்தட்டு வந்து போனதும் பவ்யமாக ஒரு கை பொரி, மேலே ஒரு அச்சுவெல்லம் என்று ஜி.எம்.மிடம் நீட்டினேன். அவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் வெல்லத்தை மட்டும் கண்ணில் ஒற்றி, வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிரீஸண்ணன் என் காதோரம் வந்தார்.

“தம்பி, எட்டு வச்சேன். ஏழுதேன் இருக்கு.”

ஜி.எம். பைக்குள் போனது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜி.எம். அடுத்த டிபார்ட்மெண்டுக்குப் பூசணிக்காய் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். நான் அந்தப் பையில் எப்போது கறை பூக்கும் என்று பார்த்துக்கொண்டு போனேன். கிரீஸண்ணனுக்கு வேறு கவலை.

“மனுசன் நெஞ்சுச் சூடு எம்புட்டு இருக்கும் தம்பி?”

“அண்ணே, நம்ம ரெண்டு பேரு வேலையும் போகப்போகுது!”

“ஆளு கோவக்காரரு. மத்தவுகளவிடக் கொஞ்சம் கூடத்தேன் இருக்கும். நல்ல டெஸ்ட்டு.”

பூஜைக்காக மெஷினோடு காற்றாடிகளையும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நின்றால் வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் பூசணிக்காய், சூடம், சுத்தத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு. பேசும்போது ஜி.எம். நெஞ்சில் அடித்துக்கொள்வது வழக்கம். சரியாகப் பை மேலேயே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடினேன், கிரீஸண்ணன் தலையை ஆட்டினார்.

பத்தேகாலுக்கு ஆரம்பித்த அந்தச் சுற்று ஒன்றரைக்கு முடிந்தது. ஜி.எம். ரூமுக்குள் போய் என்னைக் கூப்பிட்டார். கிரீஸண்ணனும் கூப்பிடாமலே வந்தார்.

“அந்த அம்மாவுக்கு மெமோ ரெடி பண்ணு. அப்புறம், இந்தா” என்று பையிலிருந்து கட்டியை எடுத்து நீட்டினார். “எனக்குச் சுகர். சாமி பிரசாதத்தை வீணாக்கக் கூடாது. சாப்பிடு.”

வாங்கிக்கொண்டேன். மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு. வாய்வரைக்கும் கொண்டுபோனேன். சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து, சாப்பிடாவிட்டால் உத்தியோகத்துக்கு ஆபத்து. உயிர் போனாலும் பரவாயில்லை என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

“தின்னுறாத தம்பி!” என்றார் கிரீஸண்ணன். “சார், அது கிரீஸு.”

ஜி.எம். தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். சட்டை வெள்ளையாக இருந்தது. பையை உள்பக்கமாக வெளியே இழுத்துப் பார்த்தார். வெள்ளை. மேஜை டிராயரைத் திறந்து, நூலில் கறை தேடுகிற பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் பையையே தையல் தையலாகத் தேடினார். எத்தனையோ பெண்களை அழவைத்த கண்ணாடி அது. அதற்கு அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“எவ்வளவு நேரமா இது என் பையில இருக்கு?”

“மூணேகால் மணி நேரஞ் சார். நெஞ்சுல அடிச்சுக்கிட்டது தனி” என்றார் கிரீஸண்ணன். அப்புறம் குரல் தணிந்தது. “சார், ஏழாம் நம்பர்ல ஒழுகுனது நான் வச்ச கிரீஸு. அந்தாத்தா நூலத் தவுர எதையும் தொடாது. அது வீட்டுல அடுப்பெரியிறதே இந்தச் சம்பளத்துலதேன். மெமோவ எம்பேருல அடிங்க. எனக்கு மொத மெமோதேன். இன்னும் ரெண்டு தாங்குவேன்.”

ஜி.எம். பூதக்கண்ணாடியை டிராயருக்குள் வைத்தார். மறுபடியும் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அந்த அம்மா மெமோ வேண்டாம். நாளையிலிருந்து ஏழாம் நம்பருக்கு இந்தக் கட்டியையே வைக்கச் சொல்லு. ஆனா என் பையில கிரீஸ் போட்டதுக்கு யாராவது பதில் சொல்லியாகணும். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெமோ. டைப் பண்ணு.”

பண்ணினேன். ‘பூஜைத் தட்டில் உண்ணத் தகாத பொருளை வைத்தமைக்காகவும், அதனைக் கவனியாது நிர்வாகத்துக்கு வழங்கியமைக்காகவும் மேற்படி இருவரும் எச்சரிக்கப்படுகிறார்கள்.’ எனக்கு நானே மெமோ டைப் அடித்துக்கொண்டேன். கௌரவமான உத்தியோகம் என்றேனே, அது இதுதான்.

ஜி.எம். போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு கிரீஸண்ணன் ஓடினார். கேட்டில் மில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் பேச்சியம்மா, மடியில் தூக்குவாளியோடு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆத்தா! மெமோ எங்க ரெண்டு பேருக்கும் வந்துருச்சு! ஒனக்கு இல்ல! நாளைக்கு சிப்டுக்கு வந்துரு!”

பேச்சியம்மா ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “கூறுகெட்ட மனுசா, மெமோ வந்ததுக்கு யாராச்சும் இப்பிடிச் சிரிப்பாகளா?” என்று முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது.

போன வருஷம் கிரீஸண்ணன் ரிட்டயர் ஆனார். பேச்சியம்மா இன்னும் ஏழாம் நம்பரில்தான் நிற்கிறார். மகள் மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். மூன்றாவது மெமோவை டைப் அடிக்கிற வேலையிலிருந்து என்னைக் காப்பாற்றியதற்காக அந்த மனிதருக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. என் சர்வீஸில் நான் வாங்கியது அந்த ஒரே மெமோதான். அவர் பெயரும் என் பெயரும் ஒன்றாக இருக்கிற காகிதம் என்னிடம் வேறு கிடையாது. அதை யார் கேட்டாலும் தரமாட்டேன்.