நடு அருவியைப் பிடித்த படலம்

எண்ணெய் வழியும் சென்னியரும், மினிபஸ் ஸ்டியரிங் வளைத்து உரமேறிய தோளினரும், இடையிலே சிவப்புத் துண்டு பொலிய நின்றவருமாகிய குத்துக்கல்வலசைக் கோமான் பிச்சையா வாழ்க! அருவிக்கரையில் அவர்தம் முதுகில் அவர் கை எட்டாத தேயமெங்கும் நல்லெண்ணெய் பூசி, "போதும், போங்க. கூட்டம் சேந்திரும்" என்று விடைகொடுத்த மனையாள் முப்பிடாதியம்மாளின் உள்ளங்கை வாழ்க!

ஆனி மாதச் சாரல் பன்னீர் தெளிக்க, பிச்சையா மெயின் அருவிக்குள் புகுந்தார். ஆயின் நடு அருவியோ பகைவர் கையில் இருந்தது. தடித்த தாரை விழும் அவ்விடத்தைத் தொந்திப் பெருமக்கள் கோட்டை மதிலென நெருங்கிக் காத்தனர். ஆண்டாண்டாகப் படையெடுத்தும், ஓரத்துத் தூறலே அவருக்கு வாய்த்தது. ஓரத் தூறலில் நல்லெண்ணெய் போகுமா?

அவ்வேளை மலையில் பெருமழை பெய்து வெள்ளம் புறப்பட, பேரூராட்சியின் அபாயச் சங்கு ஆயிரம் யானை ஒருங்கே பிளிறினாற்போல் ஊதிற்று. சோப்பைத் துறந்தோரும் செருப்பைத் துறந்தோரும், கூட்டி வந்த மச்சினனையே துறந்தோரும் படியேறி ஓடினர். நடு அருவி காலியாயிற்று! போன மாதம் இதே சங்கு வெறும் ஒத்திகைக்கு ஊதியதை எண்ணிப் புன்னகைத்த பிச்சையா, முடிசூடும் மன்னரென நடந்துபோய் அங்கே தலையைக் கொடுத்தார்.

காவலர் இசக்கிராஜா ஒலிபெருக்கியில் முழங்கினார்: "அந்தச் சிவப்புத் துண்டு அண்ணாச்சி! ஒத்திகை இல்ல, நெசம்! வெளிய வாங்க!" பின்னர் அதையே மலையாளத்திலும் முழங்கினார்.

"மலையாளத்துல சொன்னா மட்டும் கேட்டுருவனாக்கும்?" என்றது அருவிக்குள்ளிருந்து ஒரு வீரக்குரல்.

இப்பால் கரையில், மனையாள் காத்த பையிலிருந்த பிச்சையாவின் செல்போன் அலறத் தொடங்கியது. தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டதாக நடுங்கிய முப்பிடாதி, அதை மஞ்சள் துண்டில் சுற்றி மடியில் அமுக்கினாள். அலறல் ஓயவில்லை.

"எல்லார் போனும்தான் அலறுதுக்கா. வெள்ளம் வருதாம்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

முப்பிடாதி நிமிர்ந்தாள். வெள்ளியாய் விழுந்த நீர் செம்மண் நிறம் கொண்டிருந்தது. தடுப்பைத் தாண்டி, காவலர் விசிலைத் தாண்டி, பெண்கள் மிதியாத ஆண்கள் பக்கத்தில், அலறும் துண்டை ஏந்தியவளாய் அவள் போய் நின்றாள்.

"வாரியளா, இல்ல நானும் இங்கனயே நிக்கட்டுமா?"

"ஏட்டி, போ அங்கிட்டு! வழுக்கும்!"

"வழுக்கட்டும்."

சங்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வானவழி வந்த எச்சரிக்கைக்கும் வளையாத வீரர், அந்த ஒற்றைச் சொல்லுக்கு வளைந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அவர்கள் மேலே வந்து திரும்பிப் பார்க்கையில், பாதுகாப்பு வளைவையே மூடிக்கொண்டு வெள்ளம் இறங்கியது. அவர் தலை கொடுத்திருந்த இடத்தில் ஒரு பெரிய மரக்கட்டை வந்து விழுந்து இரண்டாய்ப் பிளந்தது.

பேருந்தில், "சீட்டுல சாயாதீங்க அண்ணாச்சி, எண்ணெ ஒட்டும்" என்றார் கண்டக்டர். முப்பிடாதி மஞ்சள் துண்டை விரித்து அவர் முதுகுக்கு அண்டைகொடுத்தாள். தென்காசி வரும்வரை, "நடு அருவி! நடு அருவி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்; பிறகு எழவில்லை. அதற்கு எந்தச் சங்கும் ஊதவில்லை; எந்தப் போனும் அலறவில்லை.

மஞ்சள் துண்டில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.