கீபோர்டு இல்லாத அருள்

அன்று கண்ணாடி அறையின் வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நானும் பார்த்தேன்" என்று இப்போது பாதி அலுவலகம் கிளம்பியிருக்கிறது. இருந்தவர்கள்: மேலாளர், சோதனைப் பிரிவு அக்கா, அடுத்தவர் நிரலை நகலெடுத்தே பிழைத்ததால் 'ஜெராக்ஸ்' என்று பேர் வாங்கியவர், இங்கேயே நிரல் எழுதும் என் தம்பி மகள், அலுவலக நிர்வாகம் பார்க்கும் நான். இவர்களோடு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான 'சர்வர் சாமி'. வேறு ஒரு ஈ கூட இல்லை.

சாமியின் மகிமையைக் கேளுங்கள். பேருந்து இருக்கை முன்பதிவுக்கான இணையதளத்தை எங்கள் நிறுவனம் ஜாவா மொழியில் எழுதுகிறது. ஒரே மூட்டையாக அல்ல. பயணி, இருக்கை, இணையப் பக்கம் என்று தனித்தனி மாட்யூல்கள். ஒன்றில் பிழையைத் திருத்திவிட்டு, கண்ணாடி அறையிலிருக்கும் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். பிழை பல்லிளிக்கும். மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி பல்லிளிப்பு. உடனே சாமியிடம் ஓட்டம்.

சாமி எல்லோரையும் வெளியே அனுப்புவார். திரைச்சீலையை இழுத்து மூடுவார். சர்வரின் தலையில் கை வைத்து முணுமுணுப்பார். சற்று நேரத்தில் திருத்தம் பலித்துவிடும்! பட்டம் வாங்கிய கூட்டம் வாசலில் கைகட்டி நிற்கும். ஒருவர் புது ஹெட்போன் கொண்டுவருவார். இன்னொருவர் சாமியின் வேலையையும் சேர்த்துத் தானே முடித்துக் கொடுப்பார். சாமிக்கு ஜன்னலோர நாற்காலி, தனி ஏசி. கடவுளர்க்கு ஏது வேலைக்கெடு?

என் தம்பி மகள் மட்டும் காணிக்கை வைக்கவில்லை. ஆகவே அவள் திருத்தங்கள் பலிக்கவில்லை. சாமி காரணம் கண்டுபிடித்தார்: "அந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்ல. தொட்டா சர்வர் படுத்துடும்."

மேலாளர் நம்பினார். அவளை வேலையைவிட்டே தூக்க உத்தரவு தயாரானது. எங்கள் குடும்பத்தில் கைராசி கெட்டவர் எவரும் பிறந்ததில்லை. முன்கோபிகள் உண்டு; அது வேறு. நான் சட்டைக் கையை மடித்தேன்.

"பெரியப்பா, சண்டைக்குப் போகாதீங்க. இங்க வந்து பாருங்க," என்றாள் அவள். "நான் திருத்தின இடத்துல நிக்கச் சொல்லி, பிழை தேடுற டிபக்கர்ல புள்ளி வெச்சேன். அது எங்க போய் நிக்குது?"

"காலி வரியில நிக்குதே!"

"காலி வரி எப்படி ஓடும்? அப்ப ஓடுறது என் கோடே இல்ல. பழசு."

விஷயம் இவ்வளவுதான். ஒரு மாட்யூலைத் திருத்தினால் அதை ஓடக்கூடிய பொதியாகப் புதிதாகக் கட்ட, அதாவது 'பில்டு' செய்ய, வேண்டும். கட்டாமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்தால், முன்பு கட்டி வைத்த பழைய பொதியையே சர்வர் எடுத்து ஓட்டும். புதுச் சட்டை தையல்காரரிடம் கிடக்க, பழைய கிழிசலையே கழற்றிக் கழற்றி மாட்டிய கதை. "ரீஸ்டார்ட் பட்டனைத் தவிர எதையும் தொடாதீர்" என்று அறைச் சுவரில் ஒட்டியவர் யார்? சாமிதான்.

எல்லோரையும் வாசலுக்கு அழைத்தாள். பயணி ரத்து செய்த இருக்கையைத் தளம் காலியென்று காட்டவில்லை. அந்தப் பிழையைத் திருத்திவிட்டேன், சாமி பலிக்கவைக்கட்டும் என்றாள்.

"சார், சக்தி உங்க கையிலதானே இருக்கு?" என்று சாமியைக் கேட்டாள்.

"அதுல என்னம்மா சந்தேகம்?"

"அப்ப கீபோர்டும் மவுஸும் எதுக்கு? நான் எடுத்துக்கறேன்."

"அதானே! சாமிக்கு எதுக்கு கீபோர்டு?" என்றார் ஜெராக்ஸ் பரவசத்தோடு. பக்தி முற்றினால் சில சமயம் உதவியும் செய்யும்.

சாமி உள்ளே போனார். சீலை மூடியது. முணுமுணுப்பு கேட்டது, பிறகு முனகல் கேட்டது. அவ்வளவு ஏசியிலும் வேர்த்து வழிய வெளியே வந்தார். அக்கா இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "இருக்கை அப்படியேதான் இருக்கு."

"நம்பிக்கை இல்லாத ஆள் வாசல்ல நிக்குது. அதான்."

"அவ தினமும் இங்கதானே நிக்கிறா? அப்பல்லாம் பலிச்சுதே!" என்றார் அக்கா.

தம்பி மகள் சீலையை விலக்கினாள், கீபோர்டை மாட்டினாள், எல்லா மாட்யூலையும் கட்டச் சொல்லி ஒரே ஒரு கட்டளை அடித்தாள், சர்வரை ஓட்டினாள். இருக்கை காலியானது. டிபக்கரும் அவள் சொன்ன வரியிலேயே வந்து நின்றது.

"இதையா சீலையை மூடிக்கிட்டு அடிச்சீங்க?" என்றார் மேலாளர். உத்தரவைக் கிழித்தவர் மேலாளர். குப்பைக்கூடையை நீட்டியவன் நான்.

இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. சாமியைவிடப் பெரிய மந்திரம் அவளுக்குத் தெரியுமாம்; எங்கள் குடும்பத்துக்கே அந்த அருள் உண்டாம்; ஜெராக்ஸ் அவள் மேசையில் ஹெட்போன் வைத்துக் கும்பிட்டாராம். ஹெட்போன் உண்மை; திருப்பி அனுப்பிவிட்டேன். மற்றது பொய். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அருள் கிடையாது. அவள் திரையைப் பார்த்தாள், யோசித்தாள். தலை உங்களுக்கும் இருக்கிறது. கும்பிடக் குனிவது மட்டும் அதன் வேலையல்ல.